தட்டைப் பாதமும் ஜெல்-கயானோ 30 ஷூவும்

தட்டைப் பாதம் உள்ளவர்கள் ஓடுவதற்கென்று ஷூ தேடத் தொடங்கினால் விரைவிலேயே காதில் விழும் பெயர் அசிக்ஸ் நிறுவனத்தின் ஜெல்-கயானோ. வடிவமைப்பாளர் தோஷிகாசு கயானோவின் பெயரைத் தாங்கி 1993 முதல் வெளிவரும் இந்த வரிசையில், 2023-இல் வந்த 30-ஆவது பதிப்பை நான் அணிந்து ஓடி வருகிறேன்.

ஈரக் காலுடன் சிமெண்ட் தரையில் நின்று பார்த்தால் என் சுவடு நடுவில் சற்றும் குறுகாமல், குதிகாலிலிருந்து விரல் வரை முழுமையாகப் பதியும். இத்தகைய பாதங்களுக்காக முந்தைய பதிப்புகளில் ஷூவின் உட்புறத்தில் கெட்டியான நுரையை வைத்து, கால் உள்நோக்கிச் சாய்வதைத் தடுத்து வந்தார்கள். 30-ஆவது பதிப்பில் அந்தக் கெட்டிப் பகுதியை நீக்கிவிட்டு, அடிப்பாகத்தை அகலமாக்கி, உள்வளைவின் கீழ் மீள்தன்மை மிகுந்த நுரைத்துண்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். உள்வளைவில் எதுவும் குத்துவதாகத் தோன்றுவதில்லை; களைத்துப்போய்க் கால் தளரும் கடைசிக் கிலோமீட்டர்களில்தான் அந்த அகலமான அடித்தளத்தின் பயன் நன்றாகத் தெரிகிறது. எடை ஏறத்தாழ 300 கிராம் என்பதால் வேகப் பயிற்சிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிதானமான நெடுந்தூர ஓட்டத்துக்கே இது பொருந்தும்.

ஆயினும், பாதம் தட்டை என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்க வேண்டியதில்லை. சாய்வைத் தடுக்கும் அமைப்பு இல்லாத சாதாரண ஓட்ட ஷூக்களை அணிந்த 927 புதிய ஓட்டக்காரர்களை ஓராண்டு கவனித்து 2014-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், உட்சாய்வு உள்ள, அதாவது உள்நோக்கிச் சாயும் பாதங்களுக்குக் காய அபாயம் கூடுதலாக இருக்கவில்லை. அதே வேளையில், 372 பேரைக் கொண்டு லக்சம்பர்க்கில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூக்களால் உட்சாய்வுப் பாதம் உள்ளவர்களே அதிகப் பயன் பெற்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், சாதாரண ஷூவில் வலியின்றி ஓடுபவர் மாற வேண்டிய அவசியமில்லை என்றும், உட்சாய்வு மிகுந்து தொல்லைப்படுபவர் இவ்வகையை முயன்று பார்க்கலாம் என்றும் கருதுகிறேன்.

வளைவைவிட அகலத்தைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் காலுறையுடனேயே கடைக்குச் சென்று, நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் மேல்துணி பிதுங்கினால் நீளத்தைக் கூட்டாமல், 2ஈ அல்லது 4ஈ என்று குறிக்கப்படும் அகலமான அளவைக் கேட்டு வாங்குங்கள்.