ஷார்டனா, லியோட்டாரா: முகம் பழக எதைப் படியெடுப்பது?

பழைய ஓவியம் ஒன்றைப் படியெடுத்துப் பாஸ்டலில், அதாவது உலர்ந்த வண்ணக் குச்சிகளால், முகம் வரையப் பழக நினைப்பவர்களை, சுவிஸ் ஓவியர் ழான் எத்தியேன் லியோட்டார் 1744ஆம் ஆண்டையொட்டி வரைந்த ‘சாக்லேட் பெண்’ எளிதில் இழுத்துவிடும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும் அந்தப் படத்தின் வழவழப்பு அப்படி. ஆனால் முகத்தைக் கற்பதே நோக்கமென்றால், பிரெஞ்சு ஓவியர் ழான் சிமியோன் ஷார்டன் 1771இல் மூக்குக் கண்ணாடியோடு தன்னையே வரைந்துகொண்ட, லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள படத்தையே நான் பரிந்துரைப்பேன்.

லியோட்டார் பதப்படுத்திய தோலின்மேல் வரைந்தார். இயற்கையில் கோடுகள் இல்லை, ஆகவே ஓவியத்திலும் அவை தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. பார்ப்பவருக்கு அது விருந்து. பழகுபவருக்கோ, அவர் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்குத் தடயமே கிடைப்பதில்லை. போதாததற்கு, முழு உருவப் படமாதலால் முகம் சிறியது, அதுவும் பக்கவாட்டில் திரும்பியது. மாதக்கணக்கில் உழைத்தால் மேலங்கியின் மடிப்பும் தட்டிலிருக்கும் தண்ணீர்த் தம்ளரும் கைவரலாம்; முகம் வராது.

ஷார்டன் எழுபதைக் கடந்து, எண்ணெய் வண்ணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் பாஸ்டலுக்கு வந்தவர். 46க்கு 38 செ.மீ. அளவுள்ள அந்தப் படத்தில் ஒவ்வொரு கோடும் போட்டபடியே நிற்கிறது. கன்னத்துச் சிவப்பின் பக்கத்திலேயே பச்சை போன்ற குளிர்ந்த நிறக் கீற்றுகள் கிடக்கின்றன. கிட்டப் பார்த்தால் கீறல், இரண்டடி தள்ளி நின்றால் சதை. நான் முதன்முறை படியெடுத்தபோது, பழக்கதோஷத்தில் விரலால் தேய்க்கப்போய், சிவப்பும் பச்சையும் கலந்து கன்னம் சேற்று நிறமாகிவிட்டது. அந்தக் கீற்றுகளை அவர் ஏன் தனித்தனியாக விட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. மூக்குக் கண்ணாடியும் உதவிக்கு வருகிறது: அவர் பார்வை கண்ணாடிக்கு மேலாக வருவதால், அதன் வளையத்தை முதலில் சரியாக அமைத்துவிட்டால், கண்கள் எவ்வளவு மேலே இருக்க வேண்டும், மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற இரண்டையும் அதைக்கொண்டே அளந்துவிடலாம்.

செலவிலும் ஷார்டனே வசதி. சற்றுச் சொரசொரப்பான சாம்பல் நிறத் தாளும் இருபது குச்சிகளும் போதும்.

விளிம்புகளைக் கட்டுப்படுத்துவதில் மட்டும் லியோட்டாரை மிஞ்ச ஆளில்லை. ஷார்டனை இரண்டு முறை முடித்தபின், அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி வரைந்து பார்க்கலாம்.