பாட்டு திக்கும் பழைய கணினி: யூஎஸ்பி சவுண்டு கார்டா, எஸ்எஸ்டியா?

செலவு: கார்டு (யூஎஸ்பியில் செருகும் சிறு ஒலிக் கருவி) சில நூறு ரூபாயில் முடியும். எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) ஆயிரத்தைத் தாண்டும்.

சிரமம்: கார்டைச் செருகினால் சரி. எஸ்எஸ்டிக்குப் பெட்டியைத் திறந்து, விண்டோஸை அதற்கு மாற்றி… ஒரு ஞாயிறு காலி.

பலன்: மதர்போர்டின் மின் இரைச்சல் ஸ்பீக்கரில் கலந்து வரும் கரகரப்புக்குக் கார்டு நல்லது. பாட்டு நின்று நின்று வந்தால் அது உதவாது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துக்கொண்டே பாட்டை ஓடவிடுங்கள். அப்போது மட்டும் திக்கினால் குற்றவாளி ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டியே மருந்து.

ஆனால் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் மட்டும் திக்குகிறதா? இரண்டும் வேண்டாம். சூட்டில் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காட்பாடியில் என் பெட்டிக்கு ஃபேன் தூசியைத் தட்டியதே போதுமானதாக இருந்தது.

கரகரப்புக்குக் கார்டு, ஹார்டு டிஸ்கால் வரும் திக்கலுக்கு எஸ்எஸ்டி. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் நான் எஸ்எஸ்டி பக்கம், கணினியே வேகமாகும்.