சிறுவர் எழுதும் கதையில் எதைத் திருத்துவது, எதை விடுவது?

தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு சிறுமி தன் பாட்டியைப் பற்றி எழுதிய கதையில், "மீன்குழம்பு வாசம் லிப்ட் வரைக்கும் வந்து எங்கள கூட்டிட்டு போச்சு" என்று ஒரு வாக்கியமும், "பாட்டி மலையில் நனைந்தார்" என்று இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவற்றை ஆசிரியர் எப்படித் திருத்த வேண்டும் என்பதில் சிங்கப்பூர்த் தமிழ் வகுப்புகளில் கருத்து வேறுபாடு உண்டு.

எல்லாவற்றையும் திருத்துவதையே பெற்றோர் பலரும் விரும்புகிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் கட்டுரையில் மொழிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் அந்த எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் ணகர னகரம், ரகர றகரம், விடுபட்ட ஒற்று என அனைத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டால், பிள்ளை திருத்தத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த கதையில் "பாட்டி சமைத்தார். நாங்கள் சாப்பிட்டோம்" என்று பிழை நேராத வாக்கியங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறாள். இரண்டாம் மொழி கற்போரின் எழுத்தில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டதற்கும், திருத்தத்தால் மாணவர்களின் எழுத்து மேம்படவில்லை என்பதோடு அவர்கள் பிழைக்கு அஞ்சி எளிமையாக எழுதத் தொடங்குகிறார்கள் என்பதும் காரணமாக இருந்தது. தேர்ந்தெடுத்துத் தெளிவாகச் செய்யும் திருத்தம் பயன் தரும் என்று இன்னோர் ஆய்வாளரான டானா ஃபெரிஸ் 1999இல் அவருக்கு மறுப்பு எழுதினார்.

எதையும் தொடாமல் விட்டுவிடும் இரண்டாவது வழி, பிள்ளையின் ஆர்வத்தைக் காப்பாற்றுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஓரளவு இடமுண்டு. கடைப்பலகையும் பேருந்தும் நாளிதழும் பிள்ளையின் எழுத்தை நாளடைவில் தாமாகவே திருத்திவிடும். இங்கோ, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோரின் விகிதம் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. லிட்டில் இந்தியாவைத் தாண்டினால் தமிழ் எழுத்து கண்ணில் படுவதே அரிது. வகுப்பில் ஆசிரியர் சொல்லாவிட்டால் அந்தச் சிறுமிக்கு 'மலை'யை 'மழை' ஆக்கிக் காட்ட வேறு ஆளில்லாமல் போகலாம். எனவே இந்த வழியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஆதரிப்பது, ஒரு கதையில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியை. பொருளையே மாற்றிவிடுவதால் 'மலை' முதலில் திருத்தப்பட வேண்டும். அதையும் ஆசிரியர் எழுதிக் கொடுக்காமல் அடிக்கோடிட்டு விட்டால், பிள்ளை தானே வாய்விட்டுப் படித்துக் கண்டுபிடிப்பாள். ஒற்றுப்பிழை அடுத்த கதை வரை காத்திருக்கலாம். மீன்குழம்பு வாக்கியத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. "அழைத்துச் சென்றது" என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் அந்த வாசத்தைக் கைபிடித்து நடக்கவைத்த குழந்தையின் குரல் மங்கிவிடும். ஆசிரியர் முதலில் அந்தக் கற்பனையைப் பாராட்ட வேண்டும்; பிறகு, இதை யார் சொல்கிறார் என்று கேட்கலாம். பாத்திரத்தின் பேச்சென்றால் மேற்கோள்குறிக்குள் பேச்சுத்தமிழ் அப்படியே இருக்கட்டும். கதைசொல்லி என்றால் எழுத்துத்தமிழில் அதே துள்ளலோடு எழுதிப் பார்க்கச் சொல்லலாம். "வாங்க" என்று பேசும் பாட்டியை "வாருங்கள்" என்று பேசவைப்பது திருத்தமே ஆகாது.

2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் இல்லை என்பதால், இந்த வழியை அங்கேயே அச்சமின்றித் தொடங்கலாம். ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் தேர்வுப் பயிற்சிக் கட்டுரைகளை முழுமையாகத் திருத்தியே ஆக வேண்டும்; அவற்றுக்கு ஒரு நோட்டும் கதைகளுக்கு வேறொரு நோட்டும் வைத்துக்கொண்டால் போதும்.