செலிஜிலினா, ரசாஜிலினா?

பார்க்கின்சன் நோயில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்துகொண்டே போகிறது. மிச்சமிருப்பதையும் சிதைப்பது மாவோ-பி என்ற நொதி. அதை நிரந்தரமாக முடக்குவதில் செலிஜிலின், ரசாஜிலின் என்ற இரண்டு மருந்துகளுக்கும் ஒரே வழிதான். உடலுக்குள் போன பிறகு அவை என்னவாக மாறுகின்றன என்பதில்தான் வேறுபாடு.

செலிஜிலினைக் கல்லீரல் சிதைக்கும்போது ஆம்பெடமைன் வகைப் பொருட்கள் உருவாகின்றன. அவை தூக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. அதனால்தான் வழக்கமாக 5 மி.கி. வீதம் காலையிலும் மதியமும் தருகிறார்கள். இந்த நோயாளிகளுக்கு ஏற்கெனவே உறக்கம் அரைகுறை. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அப்படியே. மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் மதிய வேளையைத் தவறவிட்டு ராத்திரியில் கொடுத்துவிடக் கூடாது.

ரசாஜிலினில் அந்தப் பொருட்கள் உருவாவதில்லை. நாளுக்கு ஒரே முறை, 1 மி.கி. முதியவர்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் எண்ணம். ஆனால் தொற்றுகளுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சேர்ந்தால் ரத்தத்தில் இதன் அளவு கூடிவிடும், அப்போது 0.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்காகப் போகும்போது மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

நோயின் வேகத்தையே குறைக்குமா? 2009-இல் வெளியான அடாஜியோ ஆய்வில் ரசாஜிலின் 1 மி.கி. நம்பிக்கை தந்தது, 2 மி.கி. தரவில்லை. டிரமடால், பெத்திடின் போன்ற வலி மருந்துகள் செலிஜிலின், ரசாஜிலின் இரண்டோடும் ஆகாது.