பிள்ளைகள் ஹாக்கி லீக்: கட்டணமா, ஸ்பான்சரா, உபயமா?

காவிரி டெல்டாவில் பிள்ளைகளுக்கு ஹாக்கி நடத்துகிற யாரைப் பார்த்தாலும் அவருக்கு வேறு ஒரு பிழைப்பு இருக்கும். உடற்கல்வி (பி.இ.டி.) ஆசிரியர், உரக்கடைக்காரர், வங்கியில் வேலை பார்ப்பவர், ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். சம்பளம் யாருக்கும் கிடையாது. அப்படியும் செலவு வருஷா வருஷம் ஏறுகிறது, ஏறுகிற செலவு கடைசியில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை தலையில்தான் விழுகிறது. இந்தப் பணத்தைப் புரட்ட நம் பக்கம் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், எனக்கு எது சரி என்று படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம் எங்கே போகிறது? பள்ளி மைதானம் பெரும்பாலும் ஹெச்.எம். மனசு வைத்தால் கிடைத்துவிடும். கோடு போடச் சுண்ணாம்புத் தூள், அது ஒரு செலவே இல்லை. கபடிக்கு ஆளும் மண்ணும் போதும், வாலிபாலுக்கு ஒரு வலையும் ஒரு பந்தும். ஹாக்கியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் ஸ்டிக் வேண்டும், முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஷின் கார்டு வேண்டும், கோல்கீப்பருக்கு ஹெல்மெட், காலுக்குப் பேட், பாதத்துக்குக் கிக்கர், மார்புக் கவசம், கையுறை என்று ஒரு மூட்டையே வேண்டும். அதற்கு அடுத்தது வேன் வாடகை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்லில் ஆட ஆரம்பித்தபிறகு பெரிய ஹாக்கி எல்லாம் டர்ஃபுக்குப் போய்விட்டது. நம் பிள்ளைகளையும் டர்ஃபில் ஆடவைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான், ஆனால் அந்த ஆசைக்காக வாராவாரம் வேன் பிடித்தால் லீக் தாங்காது. பயிற்சியும் லீக் ஆட்டமும் மண்ணில் நடக்கட்டும், டர்ஃப் அனுபவம் சீசனுக்கு ஓரிரு முறை போதும்.

கட்டணம் முதல் வழி. இதில் ஒரு நேர்மை இருக்கிறது: எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரியும், யாருக்கும் கடன்பட வேண்டாம், பெற்றோரும் உரிமையோடு கணக்குக் கேட்பார்கள். ஆனால் கட்டணம் கட்ட முடியாத வீடு "முடியவில்லை" என்று சொல்லவே சொல்லாது. பையன் கால் வலி என்பான், பாட்டி வீட்டுக்குப் போகிறேன் என்பான், அப்புறம் வரமாட்டான். ஏன் வரவில்லை என்று நாமும் கேட்பதில்லை. அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஆடுகிற வீட்டில் ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்றால் யார் நின்றுபோவார் என்பதைச் சொல்லவே வேண்டாம், தங்கைதான். ஏழைகளுக்குச் சலுகை தருகிறோம் என்பார்கள் சிலர். சின்ன ஊரில் அந்தச் சலுகையை வாய்விட்டுக் கேட்பதே ஒரு அவமானம் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வசூலிக்கிற மாதமும் முக்கியம். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் கையில் இருக்கிற காசு குறுவைச் சாகுபடிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் போய்விடும். சம்பா அறுத்த பிறகு, தை, மாசியில்தான் விவசாயி வீட்டில் கொஞ்சம் பணம் நிற்கும். நிலமில்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை, அறுவடைக்கு இயந்திரம் வந்தபிறகு அந்த நாட்களின் கூலியே சுருங்கிவிட்டது. அதனால் கட்டணத்தையே முதுகெலும்பாக வைத்து லீக் நடத்துவது இந்த மண்ணுக்குச் சரிவராது.

ஸ்பான்சர் இரண்டாவது. ஒரு நகைக்கடை, ஒரு ஜவுளிக்கடை, ஒரு அரிசி ஆலை. ஒரே காசோலையில் வேலை முடிந்துவிடும், அலைச்சல் இல்லை. ஆனால் அந்தப் பணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான் போகும்: ஜெர்சி, ஃபிளெக்ஸ், மேடை, ஆளுயரக் கோப்பை, ரொக்கப் பரிசு. கோல்கீப்பர் கிக்கருக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் காசு தருகிறேன் என்று தானாக வந்து சொல்கிற ஸ்பான்சர் அபூர்வம். அதைவிடப் பெரிய பயம், ஒற்றைத் தூணில் நிற்பது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. அப்படி ஒரு வருஷத்தில் கடைக்காரரிடம் போய் ஜெர்சிக்குக் காசு கேட்க யாருக்கு மனசு வரும்?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் ஸ்பான்சர் வகைதான். 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும், கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்கு அதைச் செலவிடலாம் என்று அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் வாங்குகிற அமைப்புக்குப் பதிவு, வருமான வரியில் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வரிச்சலுகைப் பதிவுகள், மூன்று வருஷச் செயல்பாடு எல்லாம் கேட்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம், நீண்ட நாள் நடத்த நினைக்கிற லீக் இதைச் செய்துவைப்பது நல்லது. இந்தச் சீசனுக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

மூன்றாவது உபயம். நம் ஊர்க் கோயில்களில் குழல்விளக்கில்கூட உபயதாரர் பெயர் இருக்கும். பணமாகக் கேட்டால் யோசிக்கிற மனுஷர் பொருளாகக் கேட்டால் சட்டென்று ஒத்துக்கொள்வார். இரண்டு டஜன் பந்து ஒருவர், ஒரு ஆட்ட நாளின் எலுமிச்சைச் சாதமும் மோரும் ஒருவர், வேனுக்கு டீசல் ஒருவர், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிற பழைய ஆட்டக்காரர் ஒரு ஜோடி பேட். ஒருவர் விலகினால் ஒரு பொருள்தான் குறையும், லீக் நிற்காது.

பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து மாதிரி நடத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம், நோட்டில் ஏறின கடன். பிள்ளைகள் விளையாட்டை அதில் மாட்டக் கூடாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடலாம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. யார் தலைக்கட்டு, யார் இல்லை என்ற கேள்வியோடு சாதியும் மைதானத்துக்குள் வந்துவிடும்.

உபயத்திலும் தொல்லை இருக்கிறது. பட்டியல் இல்லாமல் கேட்டால் நாலு பேர் கோப்பை வாங்கித் தருவார்கள், ஹெல்மெட் ஒருவரும் தரமாட்டார்கள். அதனால் பட்டியலை நாமே எழுதி, விலையோடு வாட்ஸ்அப்பில் போட்டு, பட்டியலில் இல்லாததை அன்பாக மறுத்துவிட வேண்டும். வந்த பொருள் லீக்கின் பொதுச்சொத்து. ஸ்டிக்குக்கு எண் போட்டு, 30, 32, 34, 36 அங்குலம் என்று பிரித்துப் பள்ளி அறையில் வைத்தால், பிள்ளை வளர வளர அடுத்த நீளத்துக்கு மாறிக்கொள்ளும், எந்த வீடும் வருஷத்துக்கு ஒரு ஸ்டிக் வாங்க வேண்டியதில்லை. மூன்று வழியிலும் கணிசமாக மிச்சம் பிடிப்பது இந்தப் பொது ஸ்டிக் ஏற்பாடுதான்.

ஆட்ட முறையிலும் மிச்சம் பிடிக்கலாம். பதினோரு பேர் ஆட்டத்துக்கு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் வேண்டும். ஐவர் ஹாக்கிக்கு அதில் பாதிக்கும் குறைவான இடம் போதும். 2024இல் மஸ்கட்டில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது, இது மட்டமான ஆட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அணிக்கு ஐந்து பேர் என்று பிரித்து அணிகள் கூடினால் கோல்கீப்பர்களும் கூடுவார்களே என்றால், ஒரு நேரத்தில் மைதானத்தில் நிற்பது இரண்டே கோல்கீப்பர்கள். மைதானத்துக்கு இரண்டு செட் இருந்தால் எட்டு அணி இருந்தாலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஹெல்மெட் இல்லாமல் ஒரு பிள்ளையையும் கோலில் நிறுத்தாதீர்கள், செட் வரவில்லை என்றால் ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள். 160 கிராம் பந்து அது.

என் முடிவு இது. பொருளும் சாப்பாடும் உபயத்தில், ஜெர்சி மட்டும் ஸ்பான்சரிடம், அதுவும் அணித் தேர்வில் அவர் தலையிடுவதில்லை என்று பேசிக்கொண்டு. பிள்ளைகளிடம் கட்டணம் வேண்டாம். ரொக்கப் பரிசு வேண்டவே வேண்டாம், அந்தக் காசு அம்பயரின் பெட்ரோலுக்குப் போகட்டும். தன்னார்வலர்தானே என்று பெட்ரோலையும் அவர் பையிலிருந்தே போடவைத்தால் அடுத்த வருஷம் அவரைத் தேட வேண்டியிருக்கும். பணம் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற கணக்கில் இருக்கட்டும், ஒவ்வொரு ரசீதையும் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.

மாசியில் பட்டியல் போட்டால் பங்குனிக்குள் சாமான் சேர்ந்துவிடும், சித்திரையில் பள்ளி விடுமுறையோடு ஆட்டம் தொடங்கலாம். கோல்கீப்பர் செட்டுக்கு மட்டும் தை மாதமே உபயதாரரைப் பிடியுங்கள். விளையாட்டுச் சாமான் செய்கிற ஜலந்தரிலிருந்தோ மீரட்டிலிருந்தோ வந்துசேர நாளாகும், அளவு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பி மாற்றவும் நேரம் வேண்டும்.