பிரிவு 9: முதல் சீசனா, இரண்டாவதா?

பிரிவு 9 என்ற சிறப்புக் காவல் குழுவைப் பற்றிய ஜப்பானிய அனிமே, கோஸ்ட் இன் தி ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ் தொடரில் எந்த சீசனைப் பார்ப்பது? 2002-இல் வந்த முதல் சீசனில் சைபர் குற்றம்தான் மையம். சிரிக்கும் மனிதன் என்ற ஹேக்கர், நேரலை ஓடும்போதே எல்லோருடைய சைபர் மூளைக்குள்ளும் (நெட்வொர்க்கோடு இணைந்த மூளை) கேமராவுக்குள்ளும் புகுந்து தன் முகத்தின் மேல் ஒரு சிரிப்புச் சின்னத்தை ஒட்டிவிடுகிறான், எதிரில் நிற்பவர்களுக்கே அவன் முகம் தெரியாது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

2004-இல் தொடங்கிய இரண்டாவது சீசனான செகண்ட் கிக்கில் அகதிகள், அவர்கள் வாழும் தேஜிமா தீவு, அப்புறம் தீவிரவாதத்தை அரசுக்குள்ளிருந்தே தூண்டிவிடும் கோடா என்ற அதிகாரி. பிரிவு 9-ஐக் களத்தில் வழிநடத்தும் நாயகி மேஜர் குசனாகியின் சிறுவயதுக் கதையும் இதில்தான் வருகிறது. எனக்கு இதுதான் ஒரு படி மேல். ஆனாலும் முதல் சீசனிலிருந்தே தொடங்குங்கள். பிரிவு 9-இன் டாச்சிகோமாக்கள் (தானே யோசிக்கும் ரோபோ டாங்கிகள்) மேல் பாசம் வைக்காமல் இரண்டாவதின் முடிவைப் பார்த்தால் பாதிதான் உறைக்கும்.