கல்லைத் தேடிய பிறகே கருவியை எடுத்தார்கள்

சாலையை அகலப்படுத்த நிலம் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், பண்ருட்டிப் பக்கம் உள்ள எங்கள் பலாத்தோப்பை அளக்கத் தனியார் நில அளவையர் ஒருவரை அமர்த்தினேன். குறையும் சொல்லவேண்டியிருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அடித்துவிட்டுப் போயிருந்த முளைகளின்படி, என் மாமனார் நட்ட பலா மரங்களில் மூன்று சாலைக்குள் போகும். அந்தக் கோடு சரிதானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தொலைபேசியில் பேசும்போதே இவருக்கு வேலை தெரியும் என்ற நம்பிக்கை வந்தது. பட்டாவோடு நிற்காமல் எங்கள் புலப்படம் (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடம்), பக்கத்துப் புலங்களின் படம், சாலைப் புறம்போக்குக்கு உரிய தனிப் புல எண்ணின் படம், சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள புலத்தின் படம் என எல்லாவற்றையும் கேட்டார். "தார் போட்ட அகலம் வேறும்மா, பதிவேட்டில் இருக்கிற சாலையின் அகலம் வேறு" என்றார். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தார் ஒரு பக்கமாக ஒதுங்கலாம். புறம்போக்கின் எல்லை அப்படியேதான் இருக்கும்.

அளக்க வந்த அன்று காலையில் வெகுநேரம் கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பழைய சர்வே கற்களைத் தேடினார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா காட்டிய வேலியோரத்தில் ஒரு கல் முழங்கால் ஆழத்தில் அகப்பட்டது. எதிர்ப்புறத்தில் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் புலப்படத்தோடு ஒத்துப்போன பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்கினார்கள். பழைய படம் லிங்க் கணக்கில் இருந்தது. 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. அவர் அதை மீட்டருக்கு மாற்றிய ஒவ்வொரு வரியையும் எனக்குக் காட்டினார். மரங்களின் அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாகக் கிடைக்காது என்பதால், வெட்டவெளியில் டி.ஜி.பி.எஸ். (செயற்கைக்கோள் வழியே இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி) வைத்துப் புள்ளிகளை நிறுவி, தோப்புக்குள் கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்தார்கள். இந்தப் பொறுமைக்கே நான் கொடுத்த பணம் தகும்.

முடிவு: தார் எங்கள் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. முளை அடித்தவர்கள் தாரின் நடுவிலிருந்து அளந்திருக்கிறார்கள். பதிவேட்டின்படி அளந்தால் மூன்றில் இரண்டு மரங்கள் சாலைக் கோட்டுக்கு வெளியே, தோப்புக்குள்ளேயே நிற்கின்றன.

இந்த வரைபடத்துக்குச் சட்டப்படி தனி மதிப்பு இல்லை என்பதையும் அவரே முன்கூட்டிச் சொன்னார். அரசு அளவர் அளந்து உட்பிரிவு செய்வதுதான் (எடுக்கும் நிலத்தைத் தனி எண்ணாகப் பிரிப்பதுதான்) செல்லும். ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956-இன் 3ஏ பிரிவு அறிவிப்பு, அதாவது நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் அறிவிப்பு, வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபம் கொடுக்கவேண்டும். வெறும் மனுவாகக் கொடுப்பதற்கும், எந்தக் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்று காட்டும் படத்தோடு கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பிறகு அரசுத் துறைகள் சேர்ந்து செய்யும் கூட்டு அளவைக்கு வந்த அரசு அளவர் நாங்கள் தோண்டிய கற்களிலிருந்தே தொடங்கினார்.

இனி குறைகள். முதலில் தந்த வரைபடத்தில் பரப்பு மட்டுமே இருந்தது. ஆதாரமாகக் கொண்ட கற்களைக் குறிக்கவில்லை. கற்கள் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு யாரிடம் வாதாடுவது? கேட்டு வாங்குவதற்குள் ஆட்சேபக் காலத்தில் ஒரு வாரம் போய்விட்டது. இதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்புறத்து நிலக்காரரிடம் சொல்லாமல் அவர் வரப்பில் தோண்டியதும் தவறு. அவரைச் சமாதானப்படுத்த நான் போகவேண்டியிருந்தது. அமர்த்துகிறவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டணம் 15,000 ரூபாய். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சாலையோரத்தில் ஒரு சென்ட் பிசகினாலே இழப்பு இதைவிடப் பெரிது. நிலம் எடுத்து முடிந்ததும் மீதி நிலத்துக்குப் புதிய உட்பிரிவுப் படமும் திருத்திய பட்டாவும் வாங்கி, இரண்டிலும் பரப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதையும் அவரிடமே சரிபார்க்கக் கொடுப்பேன்.